தைராய்டுச் செல்கள் மடியும் நோயில் கழுத்து வீங்குவது ஏன்?

நுண்ணோக்கி (கேள்வி):
வணக்கம். நான் முதுகலை உயிரியல் மாணவி. ஹாஷிமோட்டோ நோயில் தைராய்டுச் செல்கள் அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட இறப்பால் அழிகின்றன, கிரேவ்ஸ் நோயிலோ அதே செல்கள் பெருகுகின்றன என்று படித்தேன். இரண்டும் உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களே. இரண்டிலும் எதிர்ப்பாற்றலுக்குரிய நிணநீர்ச் செல்கள் தைராய்டுச் சுரப்பிக்குள் நுழைகின்றன. பிறகு ஏன் இந்த வேறுபாடு? செல்கள் மடியும் ஹாஷிமோட்டோவிலும் பலருக்குக் கழலை (தைராய்டுச் சுரப்பியின் வீக்கம்) தோன்றுவது எப்படி?

திசுவியல் ஆசிரியர்:
வீக்கம் என்றாலே தைராய்டுச் செல்களின் பெருக்கம் என்று கொள்வதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து எழுதியபோதே, அவற்றில் நிணநீர்ச் செல்கள் நிறைந்திருந்ததைப் பதிவு செய்தார். சுரப்பியைப் பருக்கச் செய்பவற்றில் முதன்மையானவை இப்படி வந்து குடியேறிய செல்களே. அதோடு, தைராய்டு ஹார்மோன் குறையும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்னும் தைராய்டு தூண்டு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எஞ்சியிருக்கும் தைராய்டுச் செல்களை வளரத் தூண்டுகிறது. ஆகவே இறப்பும் வளர்ச்சியும் ஒரே சுரப்பியில் அருகருகே நடக்கின்றன. ஆனால் வளர்ந்தவர்களின் தைராய்டுச் செல்கள் மிக அரிதாகவே பிரிவதால் இழப்பு முழுமையாக ஈடாவதில்லை. நாளடைவில் நார்த்திசு பரவி, சிலருக்குச் சுரப்பி சுருங்கியும் விடுகிறது.

எதிர்ப்பாற்றல் ஆய்வாளர்:
முதல் கேள்விக்கு என் விடை: யார் மடிகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஹாஷிமோட்டோவில் காமா இன்டர்ஃபெரான், டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள் (எதிர்ப்பாற்றல் செல்கள் சுரக்கும் குறிப்புப் புரதங்கள்) தைராய்டுச் செல்களை, அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஃபாஸ் ஏற்பி வழியே வரும் இறப்புக் குறிப்புக்கு ஆட்படுத்துகின்றன. கொல்லும் டி செல்களும் நேரடியாகத் தாக்குகின்றன. தைராய்டுச் செல்களே ஒன்றையொன்று கொல்கின்றன என்று 1997-இல் முன்வைக்கப்பட்ட கருத்து பின்னர் கடுமையாக மறுக்கப்பட்டது; எனவே அதை முடிந்த முடிபாக எழுதிவிடாதீர்கள். கிரேவ்ஸிலோ டிஎஸ்எச் ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் தைராய்டுச் செல்லை வளரவும் ஹார்மோனைச் சுரக்கவும் வைக்கின்றன. இறப்பைத் தடுக்கும் பிசிஎல்-2 போன்ற புரதங்கள் அச்செல்லைக் காக்க, ஊடுருவிய நிணநீர்ச் செல்களே அதிகம் மடிகின்றன என்று திசு ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரு நோய்களுக்கும் இடையே உறுதியான சுவர் இல்லை. கிரேவ்ஸ் நோயாளி சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டு குறைபாடு வருவதுண்டு.

நுண்ணோக்கி:
மிக்க நன்றி. தைராய்டு ஹார்மோன் மருந்தான லெவோதைராக்சின் கொடுத்து டிஎஸ்எச்-ஐக் குறைத்தால் ஹாஷிமோட்டோ கழலை சுருங்குமா?

திசுவியல் ஆசிரியர்:
டிஎஸ்எச் உயர்ந்திருப்பவர்களுக்கு ஓரளவு சுருங்கலாம். ஏற்கெனவே படிந்துவிட்ட நார்த்திசு அதனால் கரைவதில்லை.