கஜாக்கிக்குப் போன டர்பைன்: இருபது ஆண்டுப் போர் எதற்காக?

நீர்மின்காரர்:
ஓய்வுபெறும்வரை நீர்மின் நிலையங்களில்தான் வேலை பார்த்தேன். அதனால் ஆப்கானிஸ்தான் போரைப் பற்றி எதைப் படித்தாலும் மனம் கஜாக்கி அணையில் போய் நின்றுவிடுகிறது. ஹெல்மண்ட் மாகாணத்தில் 1953-ல் அமெரிக்கர்கள் கட்டிய அணை அது. 1970-களில் அங்கே இரண்டு டர்பைன்களை, அதாவது தண்ணீரின் வேகத்தில் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் எந்திரங்களை, பொருத்திவிட்டு, நடுவில் மூன்றாவதுக்கு இடம் விட்டுவைத்தார்கள்.

2008 ஆகஸ்ட் கடைசியில் அந்த மூன்றாவது டர்பைன் காந்தகாரிலிருந்து புறப்பட்டது. சுமார் 100 வண்டிகள், பிரிட்டிஷ் படை தலைமையில் ஏறத்தாழ 4,000 வீரர்கள். நேர்ச்சாலையில் கண்ணிவெடி அபாயம் என்பதால் பாலைவனத்தில் தடம் பிடித்து நாள்கணக்கில் ஊர்ந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் பெரிய வெற்றி என்று செய்தி வந்தது.

எங்கள் தொழிலில் டர்பைன் வந்து இறங்குகிற நாள்தான் வேலை தொடங்குகிற நாள். அதன் சுழல்தண்டான ஷாஃப்ட் மயிரிழை சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காகச் சாய்வை அளக்கும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்தபடி, இரவு ஷிஃப்டிலும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் கான்கிரீட் போட வேண்டும். சிமெண்ட் மட்டும் நூற்றுக்கணக்கான டன் தேவை. லாரிகள் வர பத்திரமான சாலை வேண்டும். அந்தச் சாலை இல்லை. டர்பைன் பாகங்கள் பொருத்தப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. கடைசியில் அது சுழன்றது 2016-ல். அதற்குள் பிரிட்டிஷ் படை ஹெல்மண்டை விட்டே போயிருந்தது.

சிமெண்ட் எப்படி வரும் என்று புறப்படும் முன்பே யாரும் கேட்கவில்லையா? மொத்தப் போரும் இப்படித்தான் நடந்ததா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரலாற்று மாணவன்:
ஐயா, தொடக்கத்தில் நோக்கம் தெளிவாகவே இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அதை நடத்திய அல்கொய்தாவின் முகாம்களை அழிக்க 2001 அக்டோபர் 7-ல் அமெரிக்கா தலைமையில் குண்டுவீச்சு தொடங்கியது. அல்கொய்தாவுக்கு இடம் கொடுத்த தாலிபான் ஆட்சி டிசம்பருக்குள் கவிழ்ந்தது. அதன்பின் புதிய அரசு, புதிய ராணுவம், போதைப்பயிர் ஒழிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. அல்கொய்தா தலைவர் பின்லேடன் 2011 மே மாதம் கொல்லப்பட்டதோ பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் படை அங்கே இருந்தது. என்ன நடந்தால் திரும்பிப் போகலாம் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை குற்றம் அங்கேதான்.

ஆசிரியை:
நீங்கள் இருவரும் சொல்வது சரிதான். ஆனால் 'எல்லாம் வீண்' என்று முடித்துவிடாதீர்கள், எனக்கு வலிக்கிறது. அந்த இருபது ஆண்டுகளில் லட்சக்கணக்கான பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 2022 மார்ச் 23 அன்று மேல்வகுப்புகள் திறக்கும் என்று நம்பி, பையோடு வந்த சிறுமிகளை, மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த தாலிபான்கள் சில மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அழுதபடி திரும்பிய அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை. அவர்களிடம் போய் 'இந்தப் போருக்கு நோக்கமே இல்லை' என்று எப்படிச் சொல்வது?

நீர்மின்காரர்:
ஆசிரியை அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பிள்ளைகள் படித்ததை வீண் என்று நான் சொல்லமாட்டேன். என் கோபமே அவர்கள் பொருட்டுத்தான். 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள், 457 பிரிட்டிஷ் வீரர்கள், 60,000-க்கும் மேற்பட்ட ஆப்கன் படையினரும் போலீஸாரும் உயிரைக் கொடுத்தார்கள். பொதுமக்கள் தனி. இத்தனைக்குப் பிறகும் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் ஒரே நாளில் தாலிபான் கைக்கு மாறியது. பள்ளி தொடர்ந்து நடக்க எது தேவையோ அதைக் கடைசிவரை உள்ளூரில் ஊன்றவில்லை.

தம்பி சொன்னது என் சந்தேகத்தைத் தீர்த்தது. எந்த மின்நிலைய வேலைக்கும் முதல் தாளிலேயே முடிக்கும் தேதியும், யாரிடம் ஒப்படைப்பது என்பதும் இருக்கும். அது இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்ட்டைக்கூட எங்களுக்குத் தரமாட்டார்கள். இந்தப் போருக்கு அந்தத் தாளே இல்லாமல் வீரர்களை அனுப்பியிருக்கிறார்கள்.

கஜாக்கியில் ஒரு துருக்கி நிறுவனம் இன்னொரு மின்நிலையத்தைக் கட்டி 2022-ல் முடித்தது. அதில் வரும் மின்சாரம் காந்தகாருக்கும் போகிறது. அங்கே விளக்கடியில் உட்காரும் பெண்பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் புத்தகம் யார் கொடுப்பார்கள், அம்மா? அதற்கு என்னிடம் பதில் இல்லை.