ஜெர்மனியில் இரவு நேரத்தில் கதவு சாத்திக்கொண்டால்: ஷ்லூசல்டீன்ஸ்டை அழைக்கும்முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் பழக வேண்டியது வாடகை வீட்டின் வாசற்கதவுக்கு. பெரும்பாலான வீடுகளில் வெளிப்பக்கம் திருகித் திறக்கிற கைப்பிடி கிடையாது, அசையாத ஒரு குமிழ்தான் இருக்கும். குப்பை கொட்டவோ பார்சல் வாங்கவோ நீங்கள் படியிறங்கும் நேரத்தில் காற்றடித்துக் கதவு சாத்தினால், பூட்டின் நாக்கு கதவுச் சட்டத்துக்குள் விழுந்துவிடும். அதன்பின் சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. இது இரவு பதினொன்றுக்கு நடந்தால் கூப்பிட வேண்டியது ஷ்லூசல்டீன்ஸ்ட், அதாவது பூட்டிய கதவைத் திறந்து தரும் சேவை. அங்கேதான் புதியவர்கள் ஐந்து நிமிட வேலைக்கு 500, 600 யூரோ கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கதவு வெறுமனே சாத்திக்கொண்டதா, அல்லது சாவி போட்டுத் திருப்பிப் பூட்டப்பட்டதா? விலை, நேரம், சேதம் எல்லாமே இதை வைத்துத்தான்.

வெறுமனே சாத்திக்கொண்டிருந்தால் சரிவான முகம் கொண்ட அந்த நாக்கு மட்டும்தான் கதவைப் பிடித்திருக்கிறது. வேலை தெரிந்தவர் வளையும் பிளாஸ்டிக் தகட்டையோ வளைத்த கம்பியையோ கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு, நாக்கின் சரிவைத் தள்ளித் திறப்பார். கதவில் பார்வைத்துளை இருந்தால் அதன் வழியாகக் கருவியை நுழைத்து உள்கைப்பிடியை அழுத்துகிற முறையும் உண்டு. பெரும்பாலும் சில நிமிட வேலை. பூட்டு சேதமாவதில்லை. இந்த நிலையில் ஒருவர் துளைக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பூட்டியிருந்தால் கதை வேறு. தடித்த தாழ் சட்டத்துக்குள் நீண்டிருக்கும். தகடு அதை அசைக்காது. சாவி நுழைகிற உருளையான சிலிண்டரைத் துளைத்தோ பிடுங்கியோதான் பெரும்பாலும் திறக்க வேண்டியிருக்கும், அதன்பின் புதிய சிலிண்டரும் வேண்டும். புதிய கட்டடங்கள் சிலவற்றில் கதவு சாத்தியதுமே தாழ்கள் தாமாக விழும் வகைப் பூட்டு இருக்கும். கதவின் ஓரத்தில் மேலும் கீழும் கூடுதல் தாழ்கள் இருக்கின்றனவா என்று இன்றே திறந்து பார்த்து வைத்துக்கொண்டால், தொலைபேசியில் சரியாகச் சொல்லலாம்.

யாரையும் அழைக்கும்முன் ஒரே ஒரு கேள்வி: உள்ளே ஆபத்து ஏதும் உண்டா? அடுப்பு எரிகிறது, கைக்குழந்தை தனியாக இருக்கிறது, நோயாளி பதில் தரவில்லை என்றால் யோசிக்காமல் 112. தீயணைப்புப் படை வந்து திறக்கும். ஆபத்து இல்லாதபோது அவர்களைக் கூப்பிட்டால் செலவை உங்கள் தலையில் கட்டலாம்.

ஆபத்தில்லை என்றால் அவசரமும் இல்லை. மாணவர் விடுதியாக இருந்தால் நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் இரவு உதவி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் மாற்றுச் சாவி இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்: வாடகைக்கு இருப்பவர் ஒப்புக்கொள்ளாமல் அவர் சாவி வைத்திருக்கக் கூடாது. தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு மேல் அழைத்தால் இரவுக் கூடுதல் கட்டணம் முழுவதும் மிஞ்சும். மறுநாள் ஞாயிறோ விடுமுறையோ என்றால் அந்தக் கணக்கு செல்லாது. விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மார்ச் 8 பெர்லினில் விடுமுறை, நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் வேலைநாள்.

இனி எண்ணைத் தேடுவது. கூகுளில் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். 0800 என்று தொடங்கும் எண்ணும், உங்கள் ஊர்க் குறியீட்டோடு தொடங்கும் எண்ணும்கூட, வேறெங்கோ உள்ள அழைப்பு மையத்துக்குப் போகலாம். அங்கிருந்து ஒப்பந்த ஆளை அனுப்புவார்கள், அவர் 60 கிலோமீட்டர் ஓட்டி வந்து பயணச் செலவையும் கேட்பார். இணையதளத்தில் நடத்துபவரின் பெயரும் முகவரியும் இருக்கும் இம்ப்ரெஸ்ஸும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் ஊரில் தெரு, வீட்டு எண்ணோடு முகவரி இருந்தால் மட்டும் அழையுங்கள். கதவு திறக்கும் தொழிலைத் தொடங்க இந்த நாட்டில் எந்தத் தேர்ச்சிச் சான்றிதழும் கட்டாயமில்லை, ஆகவே பெயர்ப்பலகையின் பளபளப்பை நம்பாதீர்கள்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியது இது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டி ட்யூர் இஸ்ட் நூர் ட்சூகெஃபாலன், நிஹ்ட் அப்கெஷ்லோஸன்." கதவு சாத்திக்கொண்டது, பூட்டவில்லை. அடுத்து: "வாஸ் கோஸ்டெட் டாஸ் இன்ஸ்கெஸாம்ட், மிட் அன்ஃபார்ட், ட்சூஷ்லாக் உன்ட் மேர்வேர்ட்ஷ்டொயர்?" பயணம், இரவுக் கூடுதல், 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு? "29 யூரோவிலிருந்து" என்று பதில் வந்தாலோ, "வருகிற ஆள் பார்த்துச் சொல்வார்" என்றாலோ அழைப்பை முடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். சாத்திக்கொண்ட கதவுக்கு நேரில் பார்த்தால்தான் விலை தெரியும் என்பது பெரும்பாலும் சாக்கு. சொன்ன தொகை, பேசியவரின் பெயர், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரை அருகில் நிறுத்தி, அவரும் கேட்கிறார் என்று மறுமுனையில் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுங்கள், பின்னால் அவர் சாட்சி.

விலை ஊருக்கு ஊர் மாறும். சாத்திக்கொண்ட கதவுக்கு வார நாள் பகலில் 100 யூரோவை ஒட்டியும், இரவிலும் ஞாயிறிலும் 150 முதல் 200 வரையும் கேட்டால் அதை நியாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரவுக்கும் விடுமுறைக்கும் கூடுதல் கேட்பது முறைதான். "உடனடி வருகைக் கட்டணம்", "சிறப்புக் கருவிக் கட்டணம்" என்று தனித்தனி வரிகள் ஏறினால் எதிர்த்துக் கேளுங்கள். உடனே வருவதும் கருவியோடு வருவதும்தான் அந்த வேலையே.

ஆள் வந்ததும் கதவைப் படம் எடுங்கள். வேலை தொடங்கும்முன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். தொலைபேசியில் சொன்ன தொகையை எழுதவைத்த பின் போடுங்கள். உங்களிடம் அடையாளம் கேட்பார், அது நல்ல அறிகுறி. அடையாள அட்டை உள்ளே இருந்தால் அழைப்புமணிப் பலகையில் உள்ள பெயரைக் காட்டுங்கள், திறந்தபின் பாஸ்போர்ட்டும் முகவரிப் பதிவுச் சான்றும் காட்டலாம். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரிரு முறை தகட்டை ஆட்டிவிட்டு "முடியாது, துளைக்க வேண்டும்" என்றால், ஏன் என்று கேளுங்கள். சரியான காரணம் இல்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் கட்டம்தான் கடினம். 160 பேசிவிட்டு 640 என்று ரசீது எழுதினால், பேசிய 160ஐ மட்டும் கொடுங்கள், மீதியைப் பற்றி எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தொகை எதுவும் பேசியிருக்காவிட்டால் அந்த ஊரில் வழக்கமான தொகைதான் அவருக்குச் சேர வேண்டியது. சிவில் சட்டம் 632ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வழக்கமான விலையின் இரண்டு மடங்கை ஒட்டிப் போனால் 138ஆம் பிரிவின்படி அதைக் கொள்ளை விலை என்று வாதிட முடியும். "கொடுக்காவிட்டால் போகமாட்டேன்", "ஏடிஎம்முக்கு வாருங்கள்", "பூட்டைக் கழற்றிக்கொண்டு போவேன்" என்று மிரட்டினால் போலீஸ் எண்ணான 110ஐ அழுத்துங்கள். விசா, குடியுரிமை விண்ணப்பம் என்று நினைத்து நம்மவர்கள் போலீஸ் என்றாலே தயங்குகிறார்கள். மிரட்டப்படுபவர் அழைப்பதால் எந்தக் கோப்பிலும் உங்களுக்கு எதிராக எதுவும் ஏறாது. 110ஐ அழைக்கத் தொடங்கியதுமே பல சண்டைகள் அடங்கிவிடும்.

பயந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ரசீதில் "ட்சாலுங் உன்டர் ஃபோர்பெஹால்ட்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன் என்று பொருள். பின்னால் திருப்பிக் கேட்க அது உதவும்.

—

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கேள்வி:
அண்ணா, கார்டில் கட்டிவிட்டால் வங்கியில் சொல்லித் திரும்பப் பெற முடியுமா? பூட்டை மாற்றிவிட்டார்கள், அதற்கும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டா?

பதில்:
எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. ரகசிய எண் அடித்திருந்தால் வங்கி திருப்பாது. ரகசிய எண் இல்லாமல், ரசீதில் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் அது உங்கள் கணக்கிலிருந்து அவர்களே பணத்தை எடுத்துக்கொள்ளும் நேரடிப் பற்றாக இருக்கும், 8 வாரத்துக்குள் திருப்பச் சொல்லலாம். அப்படித் திருப்பினாலும் நியாயமான தொகையை நீங்களே அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வரும்.

ரத்து உரிமை பற்றி: அவசரமாகக் கதவைத் திறக்க நீங்களே கூப்பிட்டதால் திறந்த வேலைக்கு அது இல்லை. ஆனால் அவசரத்துக்குத் தேவைப்படாத பொருளையோ வேலையையோ வந்த இடத்தில் சேர்த்திருந்தால், அந்தப் பகுதிக்கு உரிமை உண்டு. சிவில் சட்டம் 312ஜி பிரிவில் இருக்கிறது. கதவு சாத்திக்கொண்டது மட்டும்தான், ஆனால் 250 யூரோ சிலிண்டர் மாட்டிவிட்டார்கள் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், ரசீது நகலோடு உங்கள் மாநிலத்தின் நுகர்வோர் ஆலோசனை மையமான ஃபெர்பிராஹர்சென்ட்ராலவை அணுகுங்கள். பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். துளைத்த தடம் இருக்கிறதா இல்லையா என்பதே ஆதாரம்.

டோர்ட்முண்டிலிருந்து:
இன்னொரு விசயமும் சேர்க்கவேணும். திறப்பை (சாவியை) உள்பக்கமாப் பூட்டிலேயே விட்டுட்டு வெளியால போறது எங்கட ஆக்கள் அடிக்கடி செய்யிற வேலை. வீட்டுக்காரரிட்ட இன்னொரு திறப்பு இருந்தாலும் அப்ப உதவாது. சாதாரண சிலிண்டரில உள்ளுக்குத் திறப்பு இருந்தால் வெளியிலயிருந்து போடுற திறப்பு முழுசாய்ப் போகாது, பூட்டும் திரும்பாது. உள்ளுக்குத் திறப்பு இருந்தாலும் வெளியால திறக்கக்கூடிய சிலிண்டர் கடையில இருக்கு, "நோட் உன்ட் கெஃபாரன்ஃபுங்க்ட்சியோன்" எண்டு கேளுங்கோ. வயசான அம்மா அப்பா இருக்கிற வீட்டில இது கட்டாயம் வேணும். அவை உள்ளுக்கு விழுந்து கிடந்தால் பிள்ளையள் தங்கட திறப்பாலேயே திறந்து உள்ளுக்குப் போகலாம்.

மூனிக்கிலிருந்து கேள்வி:
அக்கா, நானே சிலிண்டரை மாற்ற முடியுமா? அளவு எப்படிப் பார்ப்பது? சாவியைத் தொலைத்துவிட்டேன் என்றால்?

டோர்ட்முண்டிலிருந்து:
அளவெடுக்கிறது சுகம். கதவின்ர பக்கவாட்டுத் தகட்டில, சிலிண்டருக்கு நேரே ஒரு நீட்டுத் திருகாணி இருக்கும், எம்5 அளவு. அந்த ஆணியின்ர நடுவிலயிருந்து வெளிப்பக்க நுனி வரைக்கும் ஒரு அளவு, உள்பக்க நுனி வரைக்கும் இன்னொரு அளவு. 30/35 எண்டால் மொத்தம் 65 மில்லிமீட்டர். எந்தப் பக்கம் எது எண்டு எழுதி வையுங்கோ, மாறிப்போனால் பொருந்தாது. வெளிப்பக்கத் தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கக்கூடாது, கள்ளன் குறட்டால பிடிச்சு முறிச்சுப்போடுவான். கழட்டேக்க ஆணியை எடுத்துப்போட்டு, திறப்பைப் போட்டுக் கொஞ்சம் திருப்புங்கோ. நடுவிலுள்ள சின்னப் பல் சிலிண்டரின்ர உடம்போட நேராகேக்க இழுத்தால் வந்திடும். திறப்பில்லாமல் இழுத்து மல்லுக்கட்டாதேங்கோ. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டே வேலையைச் செய்து, திறந்தபடியே நாலைஞ்சு தரம் பூட்டிப் பாத்த பிறகுதான் சாத்தவேணும். பழைய சிலிண்டரைப் பத்திரமா வையுங்கோ, வீடு மாறேக்க அதைத் திரும்பப் போட்டுக் குடுக்கவேணும்.

ஆனா ஒரே திறப்பு கட்டடத்தின்ர பெரிய கதவையும் உங்கட வீட்டையும் திறக்குமெண்டால் அது மொத்தக் கட்டடத்துக்குமான பூட்டுத் தொகுதி. அதில கை வைக்காதேங்கோ. அந்தத் திறப்பு துலைஞ்சால் வீட்டுக்காரருக்கு உடனே அறிவிக்கவேணும். முழுத் தொகுதியையும் மாத்தவேணும், ஆயிரக்கணக்கில காசு தாங்கோ எண்டு கேப்பினம். பயப்படாதேங்கோ: 2014 மார்ச் 5ஆம் திகதி மத்திய உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பின்படி, பூட்டுகளை உண்மையாவே மாத்தியிருந்தால்தான் அந்தச் செலவைக் கேக்கலாம். மாத்தாமல் மதிப்பீட்டுத் தாளைக் காட்டிக் காசு கேக்க ஏலாது. உங்கட தனிநபர் பொறுப்புக் காப்புறுதியில துலைஞ்ச வீட்டுத் திறப்பும் அடங்குதா, எவ்வளவு வரைக்கும் எண்டு இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ. கன ஒப்பந்தங்களில இருக்கும், எல்லாத்திலயும் இல்லை.

முதல் பதிவர்:
அக்கா சொன்னதோடு ஒன்று மட்டும். சாவி பூட்டுக்குள் முறிந்துவிட்டால் இடுக்கியால் நோண்டி உள்ளே தள்ளிவிடாதீர்கள், பசை தடவியும் இழுக்காதீர்கள். முறிந்த துண்டு வெளியே தெரிகிறதா, முறியும்போது கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்பதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். துண்டை எடுக்கத் தனி மெல்லிய கொக்கிகள் உண்டு, பல நேரம் சிலிண்டர் தப்பிவிடும்.

இந்த வாரத்திலேயே ஒரு பகலில் உங்கள் ஊரின் பூட்டுக் கடைக்குப் போய் இரவில் வருவார்களா, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். எண்ணைத் தொலைபேசியில் சேமித்தால் மட்டும் போதாது, கதவு சாத்தும்போது தொலைபேசியும் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஒரு தாளில் எழுதிக் கீழே தபால்பெட்டியின் உள்மூலையில் ஒட்டலாம், ஆனால் அதற்கும் சாவி வேண்டும். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நண்பரிடம் மாற்றுச் சாவியோடு அந்தத் தாளையும் கொடுத்து வையுங்கள். சாவியில் முகவரி எழுதித் தொங்கவிட வேண்டாம்.