பினாங்கில் ஒரு ஞாயிறு: சக்கர நாற்காலியுடன் கொடிமலை ஏறலாமா?

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, சிங்கப்பூரிலிருந்து நாங்கள் வரும் கப்பல் ஜார்ஜ் டவுன் சுவெட்டன்ஹம் துறையை அடைகிறது; மாலை 4 மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். முழங்கால் தேய்மானத்தால் சக்கர நாற்காலியில் வரும் 74 வயது அம்மாவுக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறிவிட வேண்டும் என்பது ஒரே ஆசை.

கப்பலின் சுற்றுலாப் பேருந்தில் படியேற வேண்டும் என்பதால் மறுத்துவிட்டார்கள். நான் விசாரித்த இரண்டு வாடகைக் கார் ஓட்டுநர்களும், ஞாயிறன்று அடிவாரத்தில் வரிசை நீளும், காத்திருக்க இயலாது என்றனர். துறைக்கு அருகிலுள்ள வெல்ட் கீ சாலையிலிருந்து மலையடிவாரத்துக்கு 204ஆம் எண் பேருந்து இருக்கிறது. ஆனால் நாற்காலியை மடித்து ஏற்றி, அம்மாவையும் தாங்கிப் பிடிக்க நான் ஒருத்திதான். மலைக்குப் பதிலாகப் போகலாம் என்றால், 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் துறைக்கு அருகில்தான் என்றாலும், அங்குள்ள ஐந்தடி நடைபாதைகள் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைகள்) கடைக்குக் கடை ஏறி இறங்குவதை முன்பே பார்த்திருக்கிறேன்.

காலை 10 மணிக்கு அடிவார நிலையத்தை அடைந்தால், சக்கர நாற்காலியுடன் மலையேறி இறங்கி 3 மணிக்குள் துறைமுகம் திரும்ப இயலுமா?