கொண்டாந்த சேவலுங்க ஒரே சண்டை, அவசரமா சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை: தெருவுல கறிக்கு போக இருந்த 4 சேவலை பாவமா இருக்கேன்னு நான் தூக்கிட்டு வந்துட்டேன், வீட்டுல ஏற்கனவே 2 இருக்கு, விடிஞ்சதும் ஆரம்பிச்சா அடையுற வரைக்கும் அடி, சிவப்புக்கு கொண்டை கிழிஞ்சு ரத்தம். உடனே என்ன செய்யணும்?

குடமுருட்டி: வயசு என்ன? பெட்டை இருக்கா? எவ்ளோ இடம்? எதுவுமே சொல்லலியே தம்பி

பாமணிக்கரை: தீனியும் ஒரு காரணமா இருக்கலாம். வெறும் நெல்லு மட்டும் போட்டா கொத்தும், கரையானும் பிடிச்சு போடுங்க

அரசலாறு: இதை இங்க நூறு தடவ எழுதிட்டேன், யாரும் தேடி படிக்கிறதில்ல. 8, 10 பெட்டைக்கு 1 சேவல். இந்த கணக்கு தெரியாம எதுக்கு கொண்டு வரணும்?

வெண்ணாத்தங்கரை: பெட்டை 5 அண்ணே. எல்லாம் ஒரே கொட்டாய்லதான்

குடமுருட்டி: அதான் விஷயமே. பெட்டை கண்ணுல படவே கூடாது, வீட்டுக்கு அந்தப்பக்கம் மாத்துங்க. பெட்டை இல்லாம சேவல் மட்டும் ஒன்னா இருந்தா பெரும்பாலும் ஒத்துப்போகும்

கோரையாறு: தம்பி, முதல்ல சிவப்பை தனியா பஞ்சாரக் கூடையில கவுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சு தடவு, ரத்தத்த பாத்தா மத்ததும் அங்கயேதான் கொத்தும். புதுசு நாலையும் ரெண்டு வாரமாவது தள்ளி வை, வெள்ளைக்கழிச்சல் நோய் ஒட்டிட்டா மொத்தமும் போயிடும். அப்புறம் நடுவுல மூங்கில் படல் கட்டி ஒரு வாரம் ஒன்ன ஒன்னு பாக்க விடு. தீனி நாலு இடத்துல வை, வைக்கோல் கட்டை குறுக்க சாய்ச்சு வச்சா தோத்தது மறைஞ்சுக்கும். கழுத்து இறகை குடையாட்டம் விரிச்சு மூக்குக்கு மூக்கு நிக்கும், ஒன்னு தலைய தாழ்த்தி திரும்பிடுச்சுன்னா முடிஞ்சுது, நீ போயி விலக்காத. மூலையில ஒதுங்கினதையும் விடாம மிதிச்சா மட்டும் பிரி

பாமணிக்கரை: இவ்ளோ பாடு எதுக்கு, அய்யனார் கோயில்ல நேந்து விட்டுடலாம், யாரும் கை வைக்க மாட்டாங்க

குடமுருட்டி: மனுசன் தொடமாட்டான், நாயும் கீரியும் தொடாதா? எங்க ஊர்ல விட்டது மறுநாள் வரப்புல வெறும் இறகா கெடந்துச்சு

பாமணிக்கரை: சாமிக்கு விட்டதை சாமி பாத்துக்கும், காலங்காலமா நடக்குறதுதானே

அரசலாறு: நேர்த்திக்கடன் வேற, வேணாங்கிறதை கொண்டுபோய் தள்ளிவிடுறது வேற. குழப்பாதீங்க

பாமணிக்கரை: அப்ப எங்க முன்னோர் செஞ்சதெல்லாம் தப்பா?

கோரையாறு: சாமிக்கு நேந்தாலும் தண்ணி வைக்கவும் ராத்திரி அடைக்கவும் ஒரு ஆள் வேணும்ப்பா. தம்பி, சிவப்பு எப்படி இருக்கு? சேவலுங்களுக்கு கால் முள்ளு நீளமா இருக்கா?

குடமுருட்டி: தம்பி?

வெண்ணாத்தங்கரை: மன்னிக்கணும், நாத்து நடவுல மாட்டிக்கிட்டேன், மூணு வாரம் ஆயிடுச்சு. பெட்டை அஞ்சையும் அத்தை வீட்டுல விட்டாச்சு, படலும் பிரிச்சாச்சு. அஞ்சு ஒன்னா மேயுது, காலைல ரெண்டு தடவ முறைச்சுக்கிட்டு போயிடுது. சிவப்புக்கு புண்ணு ஆறிடுச்சு, இன்னும் தனியாதான் இருக்கு, இன்னிக்குத்தான் கூவுச்சு. ரொம்ப நன்றி கோரையாறு அக்கா