பொருள்: "கொன்ஃபியாஜ்" – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பாரிஸ் புறநகரில் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. என்னைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து, குழந்தை நலத் துறையில் புழங்கும் பிரெஞ்சுச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறோம். எண்பது சொல்வரை ஒழுங்காக ஓடியது. "கொன்ஃபியாஜ்" வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதும் பிரெஞ்சு மானிடவியலாரும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் ஓயாமல் பயன்படுத்தும் சொல் இது. பெற்றவர்கள் உயிரோடு, நன்றாகத்தான் இருப்பார்கள். பிள்ளை மட்டும் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வளரும். பள்ளிக்கூடம் அந்த ஊரில் இருப்பது காரணமாக இருக்கலாம். பிள்ளையில்லாத அக்காவுக்குத் துணையாக அனுப்பியிருக்கலாம். தொழில் பழகவோ குரான் ஓதவோ போயிருக்கலாம். எதுவானாலும் அது யார் பெற்ற பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். புர்கினா ஃபாசோவின் மொஸ்ஸி மக்களிடமும் டோகோவின் கொத்தோகொலி மக்களிடமும் ஆய்வு செய்த சுசான் லால்மான், 1993இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். "பிள்ளைகளின் சுழற்சி" என்று தொடங்கும் அதன் தலைப்பு கடன், கொடை, பரிமாற்றம் என்று முடியும். தத்து என்ற ஒரே பெட்டிக்குள் இதையெல்லாம் திணிக்க முடியாது என்பது தலைப்பிலேயே தெரிகிறது.

"கொன்ஃபியே" என்றால் நம்பி ஒப்புவிப்பது. அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் கொன்ஃபியாஜ்.

இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஓர் அலுவலகத்தில். ஒரு அம்மா சொன்னார்: "மூத்தவளை அம்மம்மாட்ட விட்டிட்டு வந்தனான்." நான் விடுவதற்கான பிரெஞ்சு வினையைப் போட்டு "லெஸ்ஸே" என்று மொழிபெயர்த்தேன். அகராதிப்படி ஒரு குறையும் இல்லை. எதிரே இருந்த சமூகப் பணியாளர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். திரையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வினைக்கு அடுத்த வீட்டில்தான் "தெலெஸ்மான்" குடியிருக்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டார்கள் என்று நீதிமன்றம் அறிவிப்பதற்கு 2016 மார்ச் 14ஆம் தேதிச் சட்டம் வைத்த பெயர் அது. அவசரமாகக் குறுக்கிட்டு, "லெஸ்ஸே வேண்டாம், கொன்ஃபியே என்று மாற்றிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் நிமிர்ந்து கேட்டார்: "அந்த அம்மா சொன்ன சொல் எது?"

அவர் சொன்னது "விட்டிட்டு". நான் என்னவென்று விளக்குவது? அந்த அம்மா மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார். மகள் தலைவாரிப் பள்ளிக்குக் கிளம்புவது வரை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார். தமிழில் விடுவதும் கைவிடுவதும் வேறு வேறு. நடுவில் இருப்பது ஒரு "கை"தான்.

வளர்க்கக் கொடுத்தல், ஒப்படைப்பு, அடைக்கலம் என்று மூன்றை எழுதிப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை. உங்கள் கருத்து?

— பாரிஸிலிருந்து

*

அம்மா,

இதற்குப் புதுச்சொல் எதற்கு? பரணில் தேடினால் பழையதே கிடைக்கும். பாலகாண்டத்தில் தசரதன் இராமனை விசுவாமித்திரர் கையில் ஒப்புவிக்கும் பகுதிக்குக் கம்பன் வைத்த பெயர் கையடைப் படலம். காக்கும்படி ஒருவர் கையில் அடைவிப்பது கையடை. அப்பன் அப்பனாகவே இருக்கிறான், பிள்ளை போய் வித்தை கற்கிறான். நீங்கள் சொல்லும் இலக்கணம் முழுக்கப் பொருந்துகிறது. ஓம்படை என்றும் ஒரு சொல் உண்டு. அது அகத்திணைக்காரர்களோடு இருக்கட்டும்.

அடைக்கலத்தை எடுத்துவிடுங்கள். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவித்தது அடைக்கலக் காதைதான். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் போக்கிடம் இல்லாதவர் நினைவுதான் வரும். அத்தை வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டு வீடு இருக்கிறது.

— கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

எல்லாருக்கும் வணக்கம்.

ஒப்படைப்பு சரிவராது. இலங்கையில் படித்தவர்களுக்கு ஒப்படை என்றால் ஆசிரியர் கொடுக்கிற அசைன்மென்ட். "பிள்ளையை ஒப்படைத்தேன்" என்றால் எத்தனை புள்ளி கிடைத்தது என்றுதான் கேட்பார்கள்.

ஐயா சொன்ன கையடையை முதல்தரம் வாசிக்கும்போது நான் கையாடல் என்று வாசித்துவிட்டேன், மன்னிக்கவும். நலத்துறை அறிக்கையில் இது வந்தால் எத்தனை பேர் அப்படி வாசிப்பார்களோ.

இன்னொன்று. தத்து வேறு, இது வேறு என்று கோடு கிழிக்கும்போது கவனம் தேவை. நான் இருக்கிற கியூபெக்கில் இனுயிட் மக்கள் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வளர்ப்பதைத் தத்து என்றே சொல்கிறார்கள். ஆனால் பெற்றவர் யார் என்பதை மறைப்பதில்லை. நெடுங்காலம் மாகாணச் சட்டத்துக்கு இது புரியவில்லை. 2017இல்தான் சட்டத்தைத் திருத்தி, பழங்குடியினரின் வழக்காற்றுத் தத்துக்கு இடம் கொடுத்தார்கள். பெற்ற உறவை அறுத்தால்தான் தத்து என்பது ஐரோப்பியச் சட்டப் புத்தகத்தின் எண்ணம். அதை நம் சொற்பட்டியலிலும் ஏற்றிவிடாதீர்கள்.

— மொன்றியலிலிருந்து

*

அக்கா, வணக்கம்.

மதுரைப் பக்கம் குழந்தைகள் நலப் பணியில் இருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். கையடை அழகான சொல். எனக்குப் பயமே அந்த அழகுதான். "சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள்" என்று சொன்ன வீட்டுக்கு மத்தியானம் போனால், பன்னிரண்டு வயதுப் பெண் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். கையில் சபீனா, காலடியில் மூன்று வீட்டுக்கான குண்டான். பள்ளிப் பையைக் கேட்டால் "ஊரில் இருக்கு" என்பாள். அதையும் கையடை என்றுதான் சொல்வார்களா?

அப்புறம், ஃபாஸ்டர் கேருக்கு இங்கே "வளர்ப்புப் பராமரிப்பு" என்ற சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

— மதுரையிலிருந்து

*

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

மதுரைத் தம்பி கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாதது அதுதான். பெனினில் ஃபோன் மொழியில் "விதோமெகோன்" என்று ஒரு சொல் உண்டு. "ஒருவரிடம் வைத்த பிள்ளை" என்பதுதான் பொருள், வைதல் வாழ்த்தல் எதுவும் அதில் இல்லை. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வீட்டுவேலைக்கு இருக்கும் பிள்ளைதான் நினைவுக்கு வரும். ஹைட்டியில் "ரெஸ்தாவெக்". பிரெஞ்சில் "கூட இரு" என்று பிரிக்கலாம். எவ்வளவு சாதுவான சொல்! கிராமத்திலிருந்து நகரத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, தண்ணீர் சுமக்கும், அடி வாங்கும் பிள்ளைக்குப் பெயர் அது. இரண்டு சொல்லும் பிறக்கும்போது கெட்டவை அல்ல, வாழ்ந்து கெட்டவை. கையடைக்கும் அந்தக் கதி வரலாம். அதற்காக முதலிலேயே கசப்பான சொல்லாகப் பார்த்து வைத்தால், அம்மம்மாவிடம் மகளை விட்டு வந்தவருக்கு என் கையாலேயே குற்றப்பத்திரிகை எழுதியதாகிவிடும். பட்டியலில் "கையடை" என்று போட்டு, சுரண்டல் நடக்கும் இடத்தில் அதைச் சுரண்டல் என்றே சொல்ல வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதிவிடலாம். விதோமெகோனும் ரெஸ்தாவெக்கும் அந்தந்த ஊர்ச் சொல்லாகவே இருக்கட்டும்.

பிரெஞ்சுச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளையை ஆபத்தான வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சிறார் நீதிபதி முடிவு செய்தால், சட்டப் புத்தகம் அதற்கும் கொன்ஃபியே என்ற வினையைத்தான் போடுகிறது. பெற்றோரில் மற்றவரிடம், உறவினரிடம், "நம்பத்தகுந்த மூன்றாமவரிடம்", மாவட்டக் குழந்தை நலச் சேவையிடம் நீதிபதி பிள்ளையை ஒப்புவிக்கலாம். ஆனால் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அங்கே சொல் "பிளாஸே", அதாவது கொண்டுபோய் வைக்கப்பட்டது. நாற்காலியைக் கூடத்தில் வைப்பதற்கும் அதே வினைதான். அதனாலேயே பணியாளர்கள் பலர் இப்போது "வைக்கப்பட்ட பிள்ளை" என்று எழுதாமல் "ஒப்புவிக்கப்பட்ட பிள்ளை" என்று எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீதிபதி ஆணை போட்டு, பணியாளர் காரில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளையை "நம்பி ஒப்புவித்தது" யார்? வாசலில் நின்று அழுத தாயா? அந்தத் தாயிடம் போய் "உன் பிள்ளை கையடை" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆகவே நான் பார்ப்பது வினையின் எழுவாயை. பெற்றவர் கொடுத்தால் கையடை. நீதிமன்றம் எடுத்தால் வேறு சொல். அதற்கு "காப்பில் சேர்த்தல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஹோம், விடுதி என்று ஆரம்பித்தால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூட ஆஸ்டலை நினைத்துக்கொண்டு, "லீவுக்கு எப்ப வருவான்?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை எழுதியதும் ரெயூனியோன் நினைவு வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் மல்பார் என்ற பெயரில் வாழும் அதே பிரெஞ்சுத் தீவு. 1962க்கும் 1984க்கும் இடையில் அங்கிருந்து குறைந்தது 2,015 சிறாரைப் பிரெஞ்சு அரசு ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்சில் ஆள் குறைந்துகொண்டிருந்த க்ரூஸ் போன்ற கிராமப்புற மாவட்டங்களுக்கு அனுப்பியது. படிக்கப்போகிறார்கள், விடுமுறைக்கு வந்துவிடுவார்கள் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டதாக, பிற்பாடு பேசியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பெற்றவர்கள் நினைத்தது கையடை, நடந்தது வேறு. 2014 பிப்ரவரி 18 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசுக்கு இதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. அதன்பின் அமைந்த ஆய்வுக் குழு தன் அறிக்கைத் தலைப்பில் "திரான்ஸ்பிளாந்தாசியோன்" என்ற சொல்லை வைத்தது. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதற்கு உரிய சொல். இதற்கு நமக்குத் தடுமாற்றமே இல்லை: பிடுங்கி நடல். எங்கள் பட்டியல் குழுவில் ஒருவர் "இடமாற்றம்" என்று நாகரிகமாகப் போடலாம் என்றார். அது தாசில்தாருக்கு வருவது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மொன்றியல் அக்கா சொன்ன கோடு பற்றி. பசிபிக் தீவுகளான பிரெஞ்சுப் பொலினேசியாவிலும் இதே குழப்பம் இருக்கிறது. தஹீத்தி மொழியில் இப்படி வளர்க்கும் வழக்கத்துக்குப் பெயர் ஃபஆஆமு. நேர்ப்பொருள் "உண்ணச் செய்தல்". பிள்ளைக்கு இரண்டு இணைப் பெற்றோர்: ஒரு இணை பெற்றவர்கள், மற்றது உண்பித்தவர்கள். பிரான்சிலிருந்து பிள்ளையில்லாத தம்பதிகள் விமானம் ஏறி அங்கே போகிறார்கள். கொடுக்கும் தாய் "இனி நமக்குள் உறவு வந்துவிட்டது" என்று நினைக்கிறாள். வாங்குகிறவர்களில் பலர் "இனி இது எங்கள் பிள்ளை" என்று நினைக்கிறார்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துவைத்த இரண்டு தத்துகளில் "முழுத் தத்து" பழைய உறவைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதும், "எளிய தத்து" பழையதன்மேல் புதியதைச் சேர்க்கும். ஒரே பிள்ளை, ஒரே கைமாற்றம், இரண்டு பக்கத்திலும் வேறு வேறு அகராதி. அக்கா சொன்னது சரி. பட்டியலில் "தத்து" என்று மொட்டையாக எங்கேயும் போடாமல், அறுக்கும் தத்து, சேர்க்கும் தத்து என்று பிரித்துக் காட்டுகிறேன்.

கையாடல் குழப்பத்துக்கு என்ன செய்வது? "கையடைப் பிள்ளை", "கையடை வளர்ப்பு" என்று எப்போதும் ஒட்டுச் சொல்லோடு போட்டால் கண் ஏமாறாது. கையாடல் பிள்ளை என்று யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? தசரதன் நம்பிக் கொடுத்தான் என்றீர்கள். கம்பன் அப்படியா காட்டுகிறான்? கண்ணில்லாதவன் கண்ணைப் பெற்று இழந்ததுபோல் துடித்துவிட்டு, வசிட்டர் எடுத்துச் சொன்ன பிறகுதானே கொடுத்தான்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இந்தச் சொல் எனக்குப் பிடித்ததே அதனால்தான். அந்த அலுவலகத்தில் பார்த்த அம்மாவும் சந்தோஷமாகவா விட்டு வந்திருப்பார்?

கடைசியாக ஒரு சங்கடம். "கையடைத் தாய்" என்றால் கொடுத்தவளா, வாங்கியவளா? இரண்டு பேரைக் கேட்டேன், இரண்டு பதில் வந்தது. சனிக்கிழமை பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

— பாரிஸிலிருந்து

*

அம்மா,

தசரதன் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

தாய்க்குச் சங்க இலக்கியத்தில் நற்றாய், செவிலித்தாய் என்று தெளிவாகவே இருந்தது. செவிலியை நாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம், திரும்பக் கூப்பிட முடியாது. "கையடைத் தாய்" வேண்டாம். தஹீத்திக்காரர்களிடமே கடன் வாங்குங்கள்: ஈன்ற தாய், ஊட்டிய தாய்.

— கும்பகோணத்திலிருந்து