எண்ணூர்ப் படங்களைப் பாதுகாக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, படகு, வலை எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்ததை எங்கள் பசங்கள் செல்போனில் எடுத்தார்கள். அந்தப் படங்கள்தான் இன்று எங்களுக்குச் சாட்சி. ஆனால் எல்லாமே வாட்ஸ்அப்பில் கைமாறியவை. அப்படிச் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து போய்விடுகின்றன. "இது எப்போ எடுத்தது?" என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அந்த விவரங்கள் போகாமலிருக்க, இனிமேல் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிவிட்டேன், சரி. அப்புறம், வீடியோவில் பேசுகிற பெண்களின் முகத்தை மறைப்பது எப்படி, அசல் பதிவைத் தனியாகச் சேமிப்பது எப்படி? இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன்தான். தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பசங்களுக்குச் சொல்லித்தர முடியுமா? மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.