மறு: 'வளர்ச்சிக் கட்டுப்பாடு' வேண்டாம், 'வளர்ச்சிச் சுணக்கம்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். வயிற்றுப் பிள்ளை வளர வேண்டிய வேகத்தில் வளராத நிலையைக் குறிக்கும் ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஃபீட்டல் குரோத் ரெஸ்ட்ரிக்‌ஷனுக்குக் 'கருவளர்ச்சிக் கட்டுப்பாடு' என்றே இந்த இழை முடிந்துவிடும்போல் இருக்கிறது. அதற்குள் நான் குறுக்கிட வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் அறிக்கையை விளக்கிச் சொல்வது என் அன்றாட வேலை. 'கட்டுப்பாடு' என்றதும் இங்கே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குடும்பக் கட்டுப்பாடுதான். அது நாமாக விரும்பிச் செய்துகொள்வது. வயிற்றுப் பிள்ளைக்கு நேர்வது அப்படியா?

'வளர்ச்சிக் குறைபாடு' இன்னும் மோசம். ஒருமுறை நானே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். கை கால் ஊனமோ என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அறிக்கையில் உறுப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

எனக்குச் சொல் கொடுத்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாட்டி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மருமகளின் 32ஆம் வார ஸ்கேனையும் மூன்று வாரம் முந்தையதையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறியிருந்தது, தொடை எலும்பும் நீண்டிருந்தது. வயிற்றுச் சுற்றளவு மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. பாட்டி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளை சுணங்கிப் போச்சா?" என்றார்.

அந்த ஒரு வினையில் காலம் இருக்கிறது. போக வேண்டிய வேகத்தில் போகவில்லை என்பதுதானே சுணக்கம்? வேலை சுணங்கியது என்கிறோம், இலங்கையில் பஸ் சுணங்கியது என்பார்கள். ஸ்கேனில் நாங்கள் தேடுவதும் அதைத்தான். ஒரே ஒரு ஸ்கேன், பிள்ளை சிறிதா பெரிதா என்று மட்டும் சொல்லும். சுணங்குகிறதா என்று அறிய, சில வாரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். வயிற்றளவு ஏன் முதலில் நிற்கிறது என்றால், அதில் பெரும்பங்கு கல்லீரல். நஞ்சு (தாயிடமிருந்து பிள்ளைக்கு ஊட்டம் கடத்தும் பிளசன்டா) வழியாக வரும் ஊட்டம் குறைந்தால் கல்லீரலில் சேமிப்பு இருக்காது. வருகிற ரத்தத்தில் மூளைக்குத்தான் முதல் பங்கு.

இன்னொரு வசதியும் உண்டு. அதே வார வயதுள்ள 100 சிசுக்களை எடை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால் முதல் 10 இடத்துக்குள் வருவதைச் 'சிறுத்த சிசு' என்போம். தாயும் தந்தையும் ஒல்லியாக இருந்து, பிள்ளையும் வரைபடத்தில் தன் வளர்ச்சிக் கோட்டிலேயே சீராக ஏறினால் அது சிறுத்த சிசு, அவ்வளவுதான். சுணங்கிய சிசு வேறு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தேவையில்லாத பயமும் வரும், தேவையான கவனமும் போகும். எங்கள் பகுதிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) உண்டு. அது நஞ்சைப் பாதித்துச் சுணக்கத்துக்கு வழிவிடும் என்பதால் இந்தப் பிரிவினை எங்களுக்கு மிக முக்கியம்.

'சுணக்கம் என்றால் வெறும் தாமதம்தானே, பழைய ரிடார்டேஷனுக்கே திரும்புகிறோமா?' என்று இந்த இழையில் மருத்துவர் ஐயா கேட்டிருந்தார். ரெஸ்ட்ரிக்ஷனுக்கு முன்பு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் அது. நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட பெற்றோர் மூளை வளர்ச்சிக் குறை என்று அஞ்சினார்கள். தமிழில் சுணக்கத்துக்கு அந்தக் கறை இல்லை. ஆனால் 'அப்புறம் தானாகத் தேறிவிடும்' என்ற எண்ணம் வரலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அறிக்கையில் காரணத்தையும் சேர்த்து 'நஞ்சுவழிச் சுணக்கம்' என்று எழுதலாம். சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் தேமல் என்பதும் தெரியும். அது பெயர், இது வினை, குழப்பம் வராது.

சரி, இனி உங்களிடம் ஒரு கேள்வி. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடித் தமனியைப் பார்க்கும்போது, சிசுவின் இதயம் ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தளர்ந்திருக்கும் கடைசிக் கணத்திலும் ரத்தம் நஞ்சை நோக்கி ஓட வேண்டும். சுணக்கம் முற்றினால் அந்த ஓட்டம் நின்றுபோகும், சிலருக்குப் பின்னோக்கியும் வரும். 'தளர்முடிவு ஓட்டமின்மை', 'தளர்முடிவு எதிரோட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். இரவுப் பணியில் தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குச் சட்டென்று புரியுமா?